கிரேவிங் வரும்போது எதை நம்புவது? சமாளிப்பு முறைகள்: ஓர் ஒப்பீடு

குடியையோ புகையையோ வேறு போதைப் பொருளையோ விட்டவருக்கு முதல் வாரத்திலேயே வந்து குவியும் ஆலோசனைகளுக்குக் கணக்கில்லை. தியானம் செய், நடக்கப் போ, டைரி எழுது, குழுக் கூட்டத்துக்கு வா, ஆசை வந்தால் தண்ணீர் குடி, எந்த நேரமானாலும் எனக்கு போன் பண்ணு. எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளப் பார்ப்பவருக்கு ஒன்றும் படிவதில்லை. கிரேவிங் என்னும் அந்த அடங்காத ஆசை தலைக்கேறி நிற்கும்போது அரைகுறையாகப் பழகிய எதுவும் கைகொடுக்காது. எதை முதலில் கற்பது, எதைத் தள்ளிப்போடுவது, எது நமக்கு வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தாக வேண்டும்.

இருப்பதிலேயே சிறந்த முறையைக் கண்டுபிடித்து அதை மட்டும் செய்துவிடலாம் என்றால் அதற்கு வழியில்லை. அமெரிக்காவில் நடந்து 1997-இல் முடிவு வெளியான ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ ஆய்வில் குடிநோயாளிகள் 1,726 பேருக்கு மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்குச் சமாளிப்புத் திறன் பயிற்சி 12 அமர்வுகள், இன்னொரு பிரிவினருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் பன்னிரண்டு படி வழிக்கு ஆயத்தம் 12 அமர்வுகள், மூன்றாவது பிரிவினருக்கு, விட வேண்டும் என்ற அவர்களுடைய சொந்த விருப்பத்தைத் தூண்டும் ஊக்க உரையாடல் வெறும் 4 அமர்வுகள். மூன்றிலும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் சில வேறுபாடுகள் தெரிந்தன. கோபம் அதிகமுள்ளவர்களுக்கு ஊக்க உரையாடல் கூடுதலாகப் பலன் தந்தது. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் குடிப்பவர்களாக இருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது பன்னிரண்டு படி வழிக்குப் போனவர்களே மேலாக இருந்தார்கள்.

ஆகவே முறைகளை நல்லது, மோசம் என்று வரிசைப்படுத்துவதில் பெரிய பயனில்லை. இங்கே இரண்டு கேள்விகளை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறோம். நீங்கள் வழக்கமாகச் சறுக்குவது எந்தக் கட்டத்தில்? அந்த நேரத்தில் உங்கள் உடம்பும் புத்தியும் இருக்கும் நிலையில் அந்த முறையைச் செய்ய முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதே இல்லை.

முதலில் உடம்பு

தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் கடும் நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் தெரிவது, எங்கே இருக்கிறோம் என்பதே புரியாத குழப்பம் ஆகியவற்றோடு டெலிரியம் ட்ரெமென்ஸ் தொடங்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையான பென்சோடயசிபின்களை மாதக்கணக்கில் எடுத்தவருக்கும் இதே ஆபத்து உண்டு. அவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு மூச்சுப் பயிற்சியும் மன உறுதியும் மருந்தல்ல. கீழே சொல்லப்போகும் எல்லாமே உடம்பு தெளிந்த பிறகு செய்ய வேண்டியவை.

ஒரு வாரக் குறிப்பு இல்லாமல் தேர்வு செய்யாதீர்கள்

உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடைய குழுவினரும் குடி, புகை, ஹெராயின், சூதாட்டம், மிகையுணவு ஆகிய பழக்கங்களில் முதல் சறுக்கல் எந்தச் சூழலில் நடந்தது என்று அலசி 1980-இல் வெளியிட்டார்கள். மனம் சரியில்லாத நிலை 35 சதவீதம், யாருடனாவது ஏற்பட்ட மோதல் 16 சதவீதம், மற்றவர்களின் வற்புறுத்தலோ கூட்டத்தின் இழுப்போ 20 சதவீதம். இந்த மூன்றே பத்தில் ஏழு சறுக்கல்களுக்குக் காரணம். மூன்றுக்கும் வேண்டிய திறன்கள் வேறுவேறு. நண்பர்கள் கூட்டத்தில் சறுக்குபவர் தினமும் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து பழகினாலும், கையில் கிளாஸைத் திணிக்கும்போது என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்துவிடாது.

அதனால் ஏழு நாள், ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். நேரம், இடம், உடன் யார், மனதில் என்ன, கடைசியாகச் சாப்பிட்டதும் தூங்கியதும் எப்போது, ஆசையின் அளவு 0 முதல் 10-க்குள் எவ்வளவு, என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு அளவு எவ்வளவு. ஒரு வரி இப்படி இருக்கலாம்:

“வெள்ளி, மாலை 6.40. பஸ் ஸ்டாப். தனியாக. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டது திரும்பத் திரும்ப ஓடுகிறது. மதியம் சாப்பிடவில்லை. ஆசை 7. பாட்டுக் கேட்டேன், 5 ஆனது. வீட்டுக் கதவைத் திறந்ததும் 8.”

இந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பட்டினி, அவமானம், தனிமை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பாட்டு வேலை செய்திருக்கிறது, ஆனால் வழியில் மட்டும். உண்மையான ஆபத்து வீட்டுக்குள் நுழையும் முதல் சில நிமிடங்கள். இவருக்கு முதலில் வேண்டியது தியானம் அல்ல. மதியச் சாப்பாடு வேண்டும், வீட்டுக்குள் நுழைந்தவுடன் செய்ய ஏற்கெனவே தீர்மானித்த ஒரு காரியம் வேண்டும். இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் இந்த விவரம் கிடைக்காது. “ஆபீஸ் டென்ஷன்” என்ற ஒற்றை வார்த்தைதான் மிஞ்சும். குறிப்பு எழுதுவதில் பொதுவாக நடக்கும் கோளாறும் அதுதான்.

எழுதும்போதே சிலருக்கு ஆசை கிளறப்படும். அவர்கள் எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்துவிட்டு, மற்றதை ஒரு மணி நேரம் கழித்து நிரப்பலாம்.

சூழலை மாற்றுவதா, மனதைப் பழக்குவதா?

“ஆசையை எதிர்கொள்ளத் தெரிந்தவன்தான் உண்மையில் மீண்டவன், ஓடி ஒளிபவன் அல்ல” என்று பேசுபவர்கள் உண்டு. முதல் மூன்று மாதங்களைப் பொறுத்தவரை இது ஆபத்தான பேச்சு. ஹெராயின், புகை, குடி மூன்றிலும் விட்டவர்கள் எப்போது திரும்புகிறார்கள் என்று 1971-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது: திரும்பியவர்களில் பெரும்பாலோர் முதல் 90 நாட்களுக்குள் திரும்பியிருந்தார்கள், விலகி நிற்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மூன்று பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சரிந்தது. திறன் இன்னும் பழகாத நாட்கள் இவை. ஆகவே இந்த நாட்களில் தூண்டுதலைச் சந்திக்காமல் இருப்பதே மலிவான, உறுதியான வழி.

சூழலுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஆய்வாளர் லீ ராபின்ஸ் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வு நல்ல சான்று. அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர்களில், நாடு திரும்பிய முதல் ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். கிடைக்கும் இடம், உடனிருந்தவர்கள், அன்றாட நெருக்கடி எல்லாமே மாறிவிட்டிருந்தன. எல்லோராலும் ஊரை மாற்ற முடியாது. ஆனால் ஒரே நாளில் மாற்றக்கூடியவை உண்டு. வீட்டிலிருக்கும் பொருளையும் அதோடு சேர்ந்த லைட்டர், கிளாஸ், பைப், சிரிஞ்சையும் அப்புறப்படுத்தலாம். பொருள் கொடுக்கும் ஆளின் எண்ணை போனிலிருந்து நீக்கி பிளாக் செய்யலாம். வழக்கமான வழியை மாற்றலாம். கையில் அன்றைய தேவைக்கு மட்டும் பணம் வைத்துக்கொள்ளலாம். சூதாட்டம் என்றால் ஆப்பை நீக்குவதோடு நிறுத்தாமல் கணக்கையே மூடச் சொல்லி, வங்கி அட்டையில் அந்த வகைக் கட்டணத்தைத் தடுத்து வைக்க முடியுமா என்று பார்க்கலாம். போனுக்கும் பணத்துக்கும் பூட்டு போடும்போது சாவி இன்னொருவரிடம் இருக்க வேண்டும். உங்களிடமே இருந்தால் அது பூட்டே அல்ல.

இந்த முறை உடைவது ஒரே இடத்தில். மார்லட் இதைச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் முடிவுகள் என்றார். “விருந்தாளி வருவார்கள்” என்று ஒரு பாட்டில் வாங்கி வைப்பது, பழைய நண்பருக்குத் தர வேண்டிய கடனை நேரில் போய்க் கொடுப்பது, மழை என்று அந்தப் பழைய வழியாகத் திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கச்சிதமாக இருக்கும். காரணம் தேவைக்கு அதிகமாகக் கச்சிதமாக இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். இன்னொன்று: தவிர்ப்பது மட்டுமே தெரிந்தவர், தவிர்க்க முடியாத கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ மாட்டிக்கொள்வார். எனவே சூழல் மாற்றத்தை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். அது தரும் அவகாசத்தில் மற்றதைப் பழக வேண்டும்.

தூண்டும் பொருளையே கண்முன் வைத்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்து பழக்கப்படுத்தும் முறை ஒன்றும் இருக்கிறது. வீட்டில் தனியாக முயலாதீர்கள். ஓர் அறையில் அடங்கிய ஆசை வேறொரு இடத்தில், வேறொரு மனநிலையில் அப்படியே திரும்பிவிடுகிறது என்பதுதான் அந்த முறையின் பெரிய பலவீனம்.

திசைதிருப்புவதா, கவனித்துக் கடப்பதா?

அதிகம் குழப்பம் வரும் இடம் இது. இரண்டும் ஆசை எழுந்த பிறகு செய்பவை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, ஆசை ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்கும் என்பது. புகைக்கான ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். மற்றவை அரை மணி நேரம்வரை இழுக்கலாம், விட்டுவிட்டு வரலாம்.

திசைதிருப்புவது எளிது. ஆசையின் அளவு 4-ஐத் தாண்டியதும் போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அதுவரை முடிவு எதுவும் இல்லை, வேண்டும் என்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. உடனே இடத்தை மாற்றுங்கள். அறையிலிருந்து வெளியே, தெருவுக்கு, ஆட்கள் இருக்கும் பக்கம். கையும் கண்ணும் சேர்ந்து ஈடுபடும் வேலையாக இருக்கட்டும்: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, வேகமாக நடப்பது. பத்துப் பதினைந்து நிமிட வேக நடை சிகரெட் ஆசையை அந்த நேரத்துக்குக் குறைக்கிறது என்று பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. டிவியும் போனும் இதற்கு மோசமான தேர்வுகள். கை சும்மா இருக்கும், மனம் பாதி ஆசையிலேயே இருக்கும், போதாக்குறைக்குத் திரையிலேயே தூண்டுதல் வந்து நிற்கும். அலாரம் அடித்ததும் மறுபடி அளவு போடுங்கள். 4-க்கு மேல் இருந்தால் இன்னொரு 15 நிமிடம். இரண்டாவது சுற்றிலும் இறங்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிடும் நேரம்.

திசைதிருப்புவது வேறு, நினைக்காதே என்று மனதை அடக்குவது வேறு. “அதைப் பற்றி நினைக்கவே கூடாது” என்று பல்லைக் கடித்தால் நினைப்பு கூடித்தான் போகும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் காட்டியது இதையே: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்கள், பிறகு நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். வேலையில் மனதைச் செலுத்துங்கள். ஆசையோடு வாதாட வேண்டாம்.

கவனித்துக் கடப்பதை மார்லட் அலைமேல் சறுக்குவதாக விளக்கினார்: அலையை எதிர்த்து நிற்பதும் இல்லை, அதற்குள் மூழ்குவதும் இல்லை, அது ஏறி இறங்கும்வரை அதன் மேலேயே இருப்பது. செய்முறை இதுதான். இரு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். தொண்டை, நாக்கின் அடி, நெஞ்சு, வயிறு, கை விரல் என்று ஆளுக்கு ஆள் இடம் மாறும். ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே இருப்பது இறுக்கமா, சூடா, கூச்சமா, துடிப்பா, எவ்வளவு பரப்பில் என்று பாருங்கள். பத்து மூச்சு அங்கேயே. பிறகு மறுபடி பாருங்கள்: கூடியதா, நகர்ந்ததா, குறைந்ததா? இப்படி இறங்கும்வரை. மனம் “ஒண்ணே ஒண்ணு” என்று பேசத் தொடங்கினால் “பேச்சு வருகிறது” என்று மட்டும் குறித்துக்கொண்டு உடம்புக்குத் திரும்புங்கள்.

இதில் பலர் தோற்பதற்குக் காரணம், ஆசை போய்விட வேண்டும் என்று எதிர்பார்த்துச் செய்வது. போகவில்லை என்றால் “இது எனக்கு ஒத்துவராது” என்று எழுந்துவிடுவார்கள். கல்லூரி மாணவர்களில் புகைப்பவர்களுக்கு இந்த உத்தியைச் சுருக்கமாகக் கற்றுக்கொடுத்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. கற்றவர்களுக்கு ஆசை மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆனால் அடுத்த ஏழு நாட்களில் அவர்கள் புகைத்த எண்ணிக்கை குறைந்தது. ஆசையும் கையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான் இதன் பலன். அது சின்னப் பலன் அல்ல.

நீண்ட காலக் கணக்கில் கவனிக்கும் முறைக்குக் கொஞ்சம் மேல்கை உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பச் சிகிச்சை முடித்த 286 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். வழக்கமான பின்கவனிப்பைவிடத் திறன் பயிற்சியும், இப்படிக் கவனித்துப் பழகும் எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியும் ஆறு மாதத்தில் மேலாக இருந்தன. முதல் போதைப் பயன்பாட்டைத் தள்ளிப்போடுவதில் திறன் பயிற்சி முந்தியது. பன்னிரண்டாவது மாதத்தில் மைண்ட்ஃபுல்னஸ் பிரிவினர் போதைப் பொருள் எடுத்த நாட்கள் மற்றப் பிரிவினரைவிடக் குறைவு.

எங்கள் தேர்வு: முதல் ஆறு வாரம் திசைதிருப்பல், அதோடு கூடவே ஆசை 2 அல்லது 3 அளவில் இருக்கும்போது மட்டும் கவனிக்கும் பயிற்சி. 8 இருக்கும்போது முதல் தடவையாகக் கண்ணை மூடி உட்கார்ந்தால் ஆசை பெரிதாகவே தெரியும். தூக்கம் கெட்டிருக்கும்போதும் இது ஓடாது. கடந்தகால வன்முறையோ விபத்தோ நினைவில் குதித்து வருபவர்கள், உடம்பை உற்றுக் கவனிப்பதை ஆலோசகர் துணையில்லாமல் தொடங்க வேண்டாம். கண்ணைத் திறந்தபடி, வெளியே தெரியும் பொருட்களை எண்ணுவது அவர்களுக்குப் பாதுகாப்பானது.

எண்ணத்தோடு வாதாடுவதும் முன்கூட்டித் தீர்மானிப்பதும்

“இன்று ஒரு நாள் மட்டும்”, “இவ்வளவு நாள் இருந்துவிட்டேன், இனி அளவோடு இருக்க முடியும்”, “எனக்கு நடந்ததற்கு இது நியாயம்தான்.” இந்த எண்ணங்களைப் பிடித்து, ஆதாரம் கேட்டு, மாற்று எண்ணம் எழுதிப் பார்ப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் மையம். நல்ல ஆலோசகரோடு வாரம் ஒரு அமர்வு, நடுவில் வீட்டுப்பாடம் என்று மூன்று மாதம் போனால் மனச்சோர்வும் பதற்றமும் கலந்தவர்களுக்கு இது மிகவும் உதவும். ஆனால் தனியாக, உச்ச நேரத்தில், ஆசையோடு தர்க்கம் செய்து ஜெயிக்கலாம் என்று நம்புவது வீண். அந்த நேரத்தில் வக்கீல் ஆசையின் பக்கம்.

அதற்குப் பதில் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவம் தனியாகவே செய்யக்கூடியது. தலை தெளிவாக இருக்கும்போதே முடிவை எடுத்து வைத்துவிடுகிறோம். உச்ச நேரத்தில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. சூழல் துல்லியமாக இருக்க வேண்டும். “டென்ஷன் வந்தால் ரிலாக்ஸ் ஆவேன்” என்பது வேலைக்கு ஆகாது. “வீட்டுக் கதவைத் திறந்ததும் பையை வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போவேன்” என்பது ஆகும். செய்யாமல் இருப்பதைத் திட்டமாக எழுதாதீர்கள், செய்வதை எழுதுங்கள். ஒரு சமயத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது. காலையில் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

மறுப்பது

மறுக்கும் விதங்களில் மூன்று வழக்கத்தில் உள்ளன. நேராக “வேண்டாம், நான் விட்டுவிட்டேன்” என்பது முதலாவது. மாத்திரை சாப்பிடுகிறேன், வண்டி ஓட்ட வேண்டும் என்று சாக்குச் சொல்வது இரண்டாவது. ஒன்றும் சொல்லாமல் இடத்தைவிட்டுப் போவது மூன்றாவது. சாக்கு முதல் தடவை சுலபம், ஆனால் “மாத்திரை எப்போது முடிகிறது?” என்று அடுத்த கேள்வி வரும், மறுபடி பார்க்கப்போகும் ஆளிடம் அது வேண்டாம். தெரியாத ஆளிடம், ஒரு தடவை மட்டும் என்றால் சாக்கில் தப்பில்லை. நேர் மறுப்பில் செய்யும் தவறு விளக்கம் கொடுப்பது. விளக்கம் கொடுத்தால் வாதம் தொடங்கும். ஒரே வாக்கியம், அதே வாக்கியம் இரண்டாவது முறை, மூன்றாவது தடவை கேட்டால் எழுந்து போவது. கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் தண்ணீரோ ஜூஸோ இருந்தால் கேட்பவர்களே குறைவு. இதைக் கண்ணாடி முன்னாலோ நம்பிக்கையான ஆளோடோ வாய்விட்டுப் பழக வேண்டும். மனதுக்குள் பழகிய வாக்கியம் நேரில் தொண்டையை விட்டு வெளியே வராது.

குழுவா, ஆலோசகரா, ஒரு நண்பரா?

குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும், 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களைப் பற்றி நீண்ட காலம் ஆதாரம் போதாது என்றே பேசப்பட்டது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பு) அந்தப் பேச்சை மாற்றியது. முறைப்படி இக்குழுக்களுக்கு அனுப்பிவைக்கும் சிகிச்சை, தொடர்ந்து முற்றிலும் குடிக்காமல் இருப்பவர்களின் விகிதத்தில் மற்றச் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. குடிக்கும் அளவு போன்ற மற்றவற்றில் ஏறத்தாழச் சமம். குழுவின் பலம் அதன் தத்துவத்தில் மட்டும் இல்லை. குடிக்காதவர்கள் நிறைந்த ஒரு புது வட்டம் கிடைக்கிறது, இரவு பதினொரு மணிக்கும் போன் எடுக்க ஸ்பான்சர், அதாவது வழிகாட்டும் மூத்த உறுப்பினர், கிடைக்கிறார். ஆலோசகரால் தர முடியாதது இது. ஆலோசகரிடம் கிடைப்பது வேறு: மனநோய், குடும்ப மோதல், ரகசியம் காக்க வேண்டிய விஷயங்கள்.

இறைச் சார்பான மொழி ஒட்டவில்லை என்றால் ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற சமயச் சார்பற்ற குழுக்கள் உண்டு. ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ஆட்களும் தொனியும் மாறும். நான்கைந்து வெவ்வேறு கூட்டங்களாவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நண்பரை நம்புவதென்றால் மூன்று எண்கள் வேண்டும், ஒன்று போதாது. ஒருவர் எடுக்காத நேரமே ஆபத்தான நேரம். அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்: அறிவுரை வேண்டாம், பத்து நிமிடம் பேசினால் போதும். ஆசை இல்லாத நாளிலும் தினம் ஒரு தடவை பேசிப் பழகாவிட்டால், ஆசை வந்த நாளில் அந்த எண்ணைத் தொடக் கை வராது. மனைவியையோ கணவரையோ அம்மாவையோ முதல் எண்ணாக வைப்பது பெரும்பாலும் சரிவராது. அவர்களுக்குப் பயம் அதிகம், பயம் கேள்வியாக மாறும், கேள்வி சண்டையாகும்.

மருந்து திறனுக்கு எதிரி அல்ல

“மாத்திரையில் இருப்பது மீட்சியே இல்லை” என்ற பேச்சு குழுக்களில்கூடக் காதில் விழும். தவறான பேச்சு. ஹெராயின், மார்ஃபின் வகையான ஓபியாய்டுகளின் அடிமைநிலையில் மெத்தடோன் அல்லது ப்யூப்ரெனார்ஃபின் மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது. திறன் பயிற்சி மட்டும் அதற்கு ஈடாகாது. குடிக்கு நால்ட்ரெக்சோன் வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம். ஓபியாய்டு எடுத்திருந்தால் 7 முதல் 10 நாட்கள் முற்றிலும் நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும், இல்லையென்றால் கடும் விலகல் அறிகுறிகள் சட்டென்று வரும். டைசல்ஃபிராம் ஆசையைக் குறைப்பதில்லை, குடித்தால் உடம்பைப் படுத்தும் என்ற பயத்தில்தான் அது நிற்கிறது. கடைசி மாத்திரைக்குப் பின் 14 நாட்கள்வரை அந்த எதிர்வினை வரலாம், ஆகவே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது கொடூரம் மட்டுமல்ல, உயிராபத்து. கொக்கைன், ஆம்ஃபெட்டமைன் வகைகளுக்கு இப்படி நம்பக்கூடிய மருந்து இல்லை. அங்கே சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு தடவைக்கும் சிறு பரிசு தரும் முறையே அதிகம் பலன் தந்திருக்கிறது. பரிசு நின்றதும் பலனும் தேயும் என்பதால் அந்த மாதங்களுக்குள் வேறு திறன் ஒன்றைக் கற்றாக வேண்டும்.

நிகோடின் கம்மில் தோற்பவர்கள் பெரும்பாலும் மெல்லும் விதத்தில் தோற்கிறார்கள். எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. மெதுவாக மெல்லுங்கள், காரமோ குறுகுறுப்போ தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வையுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். பபிள் கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். காபி, பழச்சாறு குடித்து 15 நிமிடத்துக்குள் வாயில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது.

யாருக்கு எது முதலில்

குறிப்பில் கூட்டமும் நண்பர்களும் அதிகம் வந்தால் மறுப்புப் பயிற்சியும் குழுவும். தனிமையும் சோர்வும் அதிகம் என்றால், ஒழுங்கான சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், மாலையில் ஆட்களோடு இருக்கும் ஏதோ ஒரு வேலை; அதன் பிறகே எண்ணப் பயிற்சி. கோபமும் வீட்டுச் சண்டையும் அதிகம் என்றால் சண்டையிலிருந்து எழுந்து போவதற்கு இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு வாக்கியம், 20 நிமிட இடைவெளி, பிறகு திரும்பி வந்து பேசுவது. சும்மா, காரணமே இல்லாமல் வருகிறது என்று குறிப்பு சொன்னால் கவனித்துக் கடக்கும் முறை பொருந்தும். எல்லோருக்கும் பொதுவாக முதல் நாளே செய்ய வேண்டியது சூழல் மாற்றம். ஒரு தேர்வை ஆறு வாரமாவது செய்து பார்க்காமல் மாற்ற வேண்டாம். வாரம் ஒரு முறை என்று மாற்றினால் எதுவும் கைக்குப் பழகாது.

சறுக்கிவிட்டால்

ஒரு தடவை எடுத்துவிட்டதும் வரும் “எல்லாம் போச்சு, இனி என்ன” என்ற எண்ணம்தான் சறுக்கலை முழு மறுவீழ்ச்சியாக மாற்றுகிறது. அதற்கான தாள் முன்பே எழுதி பர்ஸில் இருக்கட்டும். அந்த நேரத்தில் எழுத முடியாது. மிச்சத்தைக் கொட்டிவிடு. இடத்தைவிட்டு வெளியே வா. மூன்று எண்களில் முதலாவதைக் கூப்பிடு, பொய் சொல்லாதே. இன்றிரவு தனியாக இருக்காதே. நாளை நேரம், இடம், உடனிருந்தவர், முந்தின 24 மணி நேரம் என்று எழுது. எந்தக் கட்டத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று ஒன்றை மட்டும் குறி. அடுத்த கூட்டமோ ஆலோசகர் சந்திப்போ முன்கூட்டியே கேட்டு வாங்கு.

ஓபியாய்டு எடுத்தவர்களுடைய தாளில் முதல் வரி வேறாக இருக்க வேண்டும்: பழைய அளவு இப்போது கொல்லும். சில நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும்; விடுதி, மருத்துவமனை, சிறையிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களில் சாவுகள் அதிகம் என்பதற்குக் காரணம் இது. ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்தான நலோக்சோன் கிடைக்குமென்றால் வீட்டில் வைத்திருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒருவராவது உடன் இருக்க வேண்டும். மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நலோக்சோனைக் கொடுங்கள், மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள், தானாக மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண் விழித்துவிட்டாலும் தனியாக விடக்கூடாது: நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், உள்ளே போன பொருள் அதற்குப் பிறகும் மூச்சை அமுக்கலாம்.